சந்தேகப்பட்ட நண்பர்களும் பிளேஸ் பாஸ்கலும்



மலர்க் குழுவிலிருந்து சீனியர் அண்ணன் ஒருவர் போன் செய்தார். யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதிக் கொடு தம்பி, ஆனால் விஸ்வேஸ்வரய்யாவும் அப்துல் கலாமும் ஏற்கெனவே வந்தாயிற்று என்றார். யாரைப் பிடிப்பது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். மூன்றாம் நாள் காலை பம்ப் ஹவுஸில் வழக்கமான ரவுண்டு போகும்போது பிரஷர் கேஜில் கண் நின்றது. கிலோபாஸ்கல் என்று போட்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் பார்க்கிற பேர். இவரையே எழுதினால் என்ன என்று தோன்றியது.

பாஸ்கலை நமக்கெல்லாம் தெரியும். லாரிக்கு அடியில் வைக்கிற ஹைட்ராலிக் ஜாக் அவருடைய விதிப்படிதான் வேலை செய்கிறது. பிளஸ் டூ கணக்கில் பாஸ்கல் முக்கோணம் உண்டு. 1970-இல் நிக்லாஸ் விர்த் தான் உருவாக்கிய கம்ப்யூட்டர் மொழிக்கு இவர் பேரை வைத்தார். 1971-இல் அழுத்தத்தின் அலகுக்கும் இவர் பேரே வந்தது. ஆனால் நான் எழுத வந்தது இதையெல்லாம் அல்ல. இந்த மனுஷர் தன் கடைசி வருஷங்களில், கடவுள் விஷயத்தில் சந்தேகம் உள்ள தன் சொந்த நண்பர்களுக்காக ஒரு புத்தகம் எழுதப் பாடுபட்டார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஏன் அது என்றால், எனக்கும் அப்படி ஒரு நண்பன் இருந்தான். மூன்றாம் வருஷத்தில் என் ரூம்மேட். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ வீட்டுப் பையன். அந்த வருஷம் அவன் அம்மா புற்றுநோயில் காலமானார்கள். அதற்குப் பிறகு, ஜெபம் பண்ணுவதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தான். நானோ ஜெபக் கூட்டத்தில் முன்வரிசை ஆள். கேட்கவா வேண்டும்! மெஸ் முடிந்து வந்து பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்றரை வரை வாதம் ஓடும். அவன் ஒரு கேள்வி கேட்டால் நான் மூன்று பதில் சொல்வேன். ஒரு ராத்திரி அவன் ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த செமஸ்டரில் அவன் வேறு ரூமுக்கு மாறிவிட்டான். அப்புறம் வராந்தாவில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பாஸ்கலிடம் வாருங்கள்.

வீட்டிலேயே பாடம்

பிளேஸ் பாஸ்கல் 1623 ஜூன் 19 அன்று பிரான்ஸில் க்ளெர்மோன் என்ற ஊரில் பிறந்தார். இன்று அதை க்ளெர்மோன்-ஃபெரான் என்கிறார்கள். அப்பா எத்தியேன் பாஸ்கல் வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் அதிகாரி, கணக்கிலும் கெட்டிக்காரர். பிளேஸுக்கு மூன்று வயதாகும்போதே அம்மா போய்விட்டார். ஜில்பெர்த் என்று ஓர் அக்கா, ஜாக்குலின் என்று ஒரு தங்கை. அப்பா மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1631-இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குக் குடிவந்து, தானே வாத்தியாராக உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார்.

முதலில் மொழிகள், கணக்கு பிறகுதான் என்பது அப்பாவின் சட்டம். கணக்குப் புத்தகங்களைப் பையன் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டார். விடுவானா பையன்? பன்னிரண்டு வயதில் கரித்துண்டை வைத்துத் தரையில் கோடும் வட்டமும் போட்டு, முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்பதைத் தானாகவே கண்டுபிடிக்கிற நிலைக்கு வந்துவிட்டான் என்று அக்கா ஜில்பெர்த் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். அப்பா மனம் மாறி யூக்ளிடைக் கையில் கொடுத்தார். பதினாறு வயதில் கூம்பு வெட்டுகளைப் பற்றி பாஸ்கல் எழுதியதைப் பார்த்து, இது ஒரு சிறுவன் எழுதியதா என்று தெகார்த்தே நம்ப மறுத்தார்.

பிறகு அப்பாவுக்கு ரூவான் நகரில் வரி வசூல் உத்தியோகம் கிடைத்தது. ராத்திரி பகலாகக் கூட்டல் கழித்தல். அப்பா படும் பாட்டைப் பார்த்து, 1642-இல், பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு கணக்குப் போடும் இயந்திரம் செய்யக் கிளம்பினார். ஒரு சக்கரம் ஒன்பதைத் தாண்டிப் பூஜ்யத்துக்கு வரும்போது சின்ன எடை ஒன்று விழுந்து அடுத்த சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிடும். கழித்தலுக்கு, டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸில் நாம் படித்தோமே, அதே காம்ப்ளிமென்ட் முறை. ஐம்பது மாதிரிகளாவது செய்து பார்த்துவிட்டுத்தான் 1645-இல் முடித்தார். நம் மினி ப்ராஜெக்டை நினைத்துக்கொண்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

எலும்பு வைத்தியர்கள் செய்த வேலை

1646 ஜனவரியில் அப்பா பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பில் பலத்த அடி. எலும்பு வைத்தியத்தில் கைதேர்ந்த இரண்டு சகோதரர்கள் வந்து மூன்று மாதம் போல வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொண்டார்கள். அந்த இருவரும் ஆழ்ந்த பக்தி உள்ளவர்கள். பாரிஸ் பக்கத்தில் போர்-ரோயால் என்றொரு கன்னியர் மடம் உண்டு. அதைச் சுற்றி இருந்த, கண்டிப்பான கத்தோலிக்கக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் செய்தது வைத்தியம். வைத்தியத்துக்கு நடுவே பேச்சு வந்தது. கேட்டவர்களுக்குப் படிக்கப் புத்தகம் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அந்த வீடே மாறிவிட்டது. முதலில் மாறியவர் பிளேஸ்தான். பிறகு தங்கை, அப்பா, அக்கா, அத்தான் என்று எல்லோரும்.

இங்கே பாஸ்கல் ஒரு தப்பு செய்தார். பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகளில் இது ஒரு வரியில் போய்விடும். எனக்கு அது ரொம்ப முக்கியமாகப் பட்டது. 1647 தொடக்கத்தில் ரூவானுக்கு சேன்-ஆஞ்ச் என்ற பழைய துறவி ஒருவர் வந்தார். திரித்துவம் போன்ற மறைபொருள்களைக்கூட மனித அறிவாலேயே நிரூபித்துவிடலாம் என்று விசித்திரமான சில கருத்துகள் அவருக்கு. பாஸ்கலும் இரண்டு நண்பர்களும் போய் அவரோடு உட்கார்ந்து பேசினார்கள். பேசிவிட்டு, அவர் சொன்னதை எல்லாம் எழுதி மேலிடத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள்! ஒரு ஊருக்குப் பங்குக் குருவாகப் போகவிருந்த மனிதர் அவர். கடைசியில் தன் கருத்துகளைத் திரும்பப் பெற்றுக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. அப்போது பாஸ்கலுக்கு வயது இருபத்து மூன்று. புதிதாகக் கிடைத்த விசுவாசம், நல்ல மூளை, பிறர் மனம் தெரியாத வயசு. மூன்றாம் வருஷத்து என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

மலையும் பாதரசமும்

அதே சமயத்தில் விஞ்ஞானத்தில் அவர் யாரையும் லேசில் நம்பாதவர். இயற்கைக்கு வெற்றிடம் ஆகாது, அதனால்தான் பம்பில் தண்ணீர் ஏறுகிறது என்று பண்டிதர்கள் காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். இத்தாலியில் டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்து, இது காற்றின் எடையாக இருக்கலாம் என்றார். சும்மா சொன்னால் போதாது, செய்து பார்க்க வேண்டும் என்றார் பாஸ்கல். காற்றின் எடைதான் காரணம் என்றால், மலை மேலே போகப் போகப் பாதரசம் இறங்க வேண்டும் அல்லவா?

1648 செப்டம்பர் 19 அன்று, பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி, அத்தான் ஃப்ளோரன் பெரியேர் க்ளெர்மோன் பக்கத்து பூய் தே டோம் மலைமேல் ஏறினார். ஒரு குழாயைக் கீழே மடத்துத் தோட்டத்தில் ஒருவர் காவலில் வைத்துவிட்டு, இன்னொன்றை மேலே கொண்டுபோனார். கீழே சுமார் 71 சென்டிமீட்டர் நின்ற பாதரசம் உச்சியில் 63-க்கும் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. கீழே வைத்துவிட்டுப் போன குழாயில் நாள் முழுக்க ஒரு மாற்றமும் இல்லை. கன்ட்ரோல் வைத்து எக்ஸ்பெரிமென்ட் செய்வது எப்படி என்று லேபில் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சந்தேகப்படுவது குற்றமில்லை, அது உண்மையைத் தேடுகிறவன் கையில் இருக்கும் கருவி என்பது பாஸ்கலுக்குப் பாதரசத்தில் தெரிந்திருந்தது. மனிதர்கள் விஷயத்தில் அது புரிய இன்னும் சில வருஷம் ஆனது.

சூதாட்ட மேஜை நண்பர்கள்

1651 செப்டம்பரில் அப்பா இறந்தார். 1652 ஜனவரியில் தங்கை ஜாக்குலின் போர்-ரோயால் மடத்தில் சேர்ந்துவிட்டாள். அவள் பங்குச் சொத்தை மடத்துக்குத் தருவதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் கசப்புக்கூட வந்தது. கடைசியில் அண்ணன் இறங்கி வந்து கொடுத்தார். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. உடம்பும் சரியில்லை, தீராத தலைவலியும் வயிற்றுக்கோளாறும். கொஞ்சம் வெளியே போய் நாலு பேரோடு பழகுங்கள் என்றார்கள் வைத்தியர்கள்.

அப்படிக் கிடைத்தவர்கள்தான் நம் கதையின் நண்பர்கள். முதலாமவர் ரோவானெஸ் பிரபு; இளைஞர், பணக்காரர், கணக்கில் ஆசை உள்ளவர். அடுத்தவர் மெரே, படித்தவர், பேச்சில் வல்லவர். மூன்றாமவர் மிட்டோன், சூதாட்டத்தில் பெரிய ஆள், ஆனால் நல்ல மரியாதைக்காரர். மெரேயும் மிட்டோனும் மதத்தைத் திட்டுகிறவர்கள் அல்ல. நாகரிகமாக, பண்பாக, பிறர் மனம் நோகாமல் வாழ்ந்தால் போதும், கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று எதற்கு அலட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் போக்கு. இன்று நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் பாதிப்பேர் இப்படித்தான், இல்லையா?

மெரேதான் பாஸ்கலிடம் பகடைக் கணக்கு கேட்டார். ஒரு பகடையை நான்கு தடவை உருட்டினால் ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால் லாபம். அப்படியானால் இரண்டு பகடையை இருபத்து நான்கு தடவை உருட்டினால் இரட்டை ஆறு விழும் என்று கட்டினால் ஏன் நஷ்டம்? (போட்டுப் பாருங்கள். முதலாவது 51.8 சதவீதம், இரண்டாவது 49.1 சதவீதம்.) இன்னொரு கேள்வி, பாதியில் நின்றுபோன ஆட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது. ஆளுக்கு 32 காசு வைத்து, மூன்று ஆட்டம் முதலில் ஜெயிப்பவருக்கு எல்லாம் என்று ஆடுகிறார்கள். ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று ஜெயித்த நிலையில் ஆட்டம் நின்றுவிட்டது. பாஸ்கல் சொன்ன கணக்கு: அடுத்த ஆட்டத்தில் தோற்றாலும் முதலாமவருக்கு 32 உறுதி. மீதி 32-இல் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே 48-உம் 16-உம். 1654-இல் இதைப் பற்றி அவரும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான் நிகழ்தகவுக் கணிதம் பிறந்தது. இன்ஷூரன்ஸ் முதல் க்வாலிட்டி கன்ட்ரோல் வரை எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

1654 நவம்பர் 23

வெளியே இவ்வளவு பேரும் புகழும். உள்ளே ஒன்றுமே பிடிக்கவில்லை. அந்த வருஷம் பாஸ்கல் அடிக்கடி மடத்துக்குப் போய், கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தங்கையிடம் மனம் விட்டுப் பேசினார். உலகமும் சலித்துவிட்டது, கடவுள் பக்கமும் ஈர்ப்பு இல்லை என்று புலம்பினார். ஜாக்குலின் என்ன செய்தாள் தெரியுமா? வற்புறுத்தவே இல்லை. அண்ணன் போகிற வழியில் கூடவே போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் அவளே இதைச் சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் 23, திங்கட்கிழமை ராத்திரி பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை பாஸ்கலுக்கு ஓர் அனுபவம் ஏற்பட்டது. அன்றைக்கே ஒரு தாளில் குறித்து வைத்தார். தலைப்பு போல நெருப்பு என்ற ஒரு சொல். தான் கண்டது தத்துவ வாதிகள் நிரூபிக்கிற கடவுளை அல்ல, ஆபிரகாம் ஈசாக்கு யாக்கோபு வழிபட்ட, இயேசுவில் வெளிப்பட்ட கடவுளை என்பது அந்தக் குறிப்பின் சாரம். அந்தத் தாளை அங்கியின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். புது அங்கி மாற்றும்போதெல்லாம் பிரித்து மறுபடி தைத்துக்கொள்வார். எட்டு வருஷம் இப்படி. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அவர் இறந்த பிறகு ஒரு வேலைக்காரர் அங்கியில் ஓரிடம் தடிப்பாக இருப்பதைப் பார்த்துப் பிரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

எனக்கு இது பெரிய ஆச்சரியம். நாமாக இருந்தால் மறுநாளே மேடை ஏறிச் சாட்சி சொல்லியிருப்போம். அவரோ, தனக்கு நடந்ததை நண்பர்கள் தலையில் சம்மட்டியாக இறக்கவில்லை.

மிட்டோனுக்காக ஒரு புத்தகம்

ஆனால் நண்பர்களை விடவும் இல்லை. ரோவானெஸ் பிரபு மெல்ல மெல்ல மாறினார். பெரிய இடத்துச் சம்பந்தம் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1656-57-இல் பாஸ்கல் வேறு பேரில் எழுதிய பதினெட்டு மறைமுகக் கடிதங்கள் நாட்டையே கலக்கின. போர்-ரோயால்காரர்களுக்காக இயேசு சபைக் குருமார்களோடு போட்ட சண்டை அது. நையாண்டியில் எதிராளியைக் கிழித்துத் தொங்கவிடக் கூடிய பேனா அவருடையது என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பேனாவை மிட்டோன் மேல் அவர் அப்படி ஓட்டவில்லை. அதுதான் கவனிக்க வேண்டியது.

1658-இல் போர்-ரோயால் நண்பர்களைக் கூட்டி, இரண்டு மூன்று மணி நேரம் தன் புத்தகத் திட்டத்தை விளக்கினார். பெரிய தாள்களில் எழுதி, கத்தரித்து, பொருள் வாரியாக நூலில் கோத்து வைத்தார். தலைப்பு போட்ட கட்டுகள் மட்டும் இருபத்தேழு. அந்தத் துண்டுகளில் சிலவற்றில் மிட்டோன் பேரே வருகிறது. மனித சுபாவத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதை மிட்டோன் நன்றாகவே பார்த்திருக்கிறார், காரணம்தான் அவருக்குப் பிடிபடவில்லை என்று ஒன்றில் ஒத்துக்கொள்கிறார். இன்னொன்றில், இருந்த இடத்தை விட்டு அசையாமல் இருப்பதற்காக மிட்டோனைக் கண்டிக்க வேண்டும் என்று தனக்கே நினைவூட்டல் எழுதிக்கொள்கிறார். ஆக, நண்பனை முகஸ்துதி செய்யவும் இல்லை, மட்டம் தட்டவும் இல்லை.

அவர் வகுத்துக்கொண்ட வழி எனக்குப் புரிந்த அளவில் இதுதான். ஒருவர் தப்பாகச் சொல்கிறார் என்று தோன்றினால், அவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார் என்று முதலில் பார். அந்தப் பக்கத்திலிருந்து அவர் பார்ப்பது சரிதான் என்று ஒப்புக்கொள். பிறகு மறுபக்கத்தைக் காட்டு. எல்லாப் பக்கத்தையும் பார்க்கவில்லை என்றால் யாருக்கும் கோபம் வராது. பார்த்ததே தப்பு என்றால்தான் வரும். அதோடு, நாம் சொல்லும் காரணத்தைவிடத் தானாகக் கண்டுபிடித்த காரணத்தைத்தான் மனுஷன் அதிகம் நம்புவான் என்றும் அவருக்குத் தெரியும்.

அதனால் புத்தகம் வேதத்தில் ஆரம்பிக்கவில்லை. நண்பர்கள் வாழ்க்கையில் ஆரம்பிக்கிறது. நாள் முழுதும் ஒரு முயலைத் துரத்துகிறவனுக்கு அதே முயலைக் கடையில் வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்பான். சூதாடிக்கு, ஆடாமல் இருந்தால் தினமும் ஜெயிக்கும் பணத்தைத் தருகிறோம் என்றால் சந்தோஷப்பட மாட்டான். ஏன்? நமக்கு வேண்டியது முயலும் அல்ல, பணமும் அல்ல. நம்மைப் பற்றி நாமே யோசிக்காமல் இருக்க ஒரு சாக்கு. இப்படி நண்பன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டு, இந்த விசுவாசம் அறிவுக்கு விரோதமானது அல்ல என்று காட்டி, இது உண்மையாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட வைத்து, அப்புறம்தான் உண்மை என்று நிரூபிக்க வருவது அவர் திட்டம். தேடிக்கொண்டே இன்னும் கண்டடையாதவர்கள் மேல் அவருக்கு இரக்கம் மட்டும்தான். தேடவே தேடாதவர்கள்தான் அவருக்குப் புரியாத புதிர்.

பந்தயத்தின் கடைசிப் பக்கம்

பாஸ்கலின் பந்தயம் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடவுள் உண்டு என்று வைத்து வாழ்ந்தால், உண்டு எனில் கிடைப்பது எல்லையற்றது, இல்லை எனில் இழப்பது கொஞ்சம். ஆகவே உண்டு என்ற பக்கம் கட்டு. எக்ஸ்பெக்டட் வேல்யூ தெரிந்தவர்களுக்குக் கணக்கு உடனே புரியும். சூதாட்ட மேஜை நண்பனிடம் அவன் மொழியிலேயே பேசுகிறார்.

இதற்கு மறுப்புகளும் உண்டு. இவ்வளவு பெரிய விஷயத்தில் சூதாட்டப் பேச்சு தகாது என்று 1734-இலேயே வோல்டேர் கண்டித்தார். எத்தனையோ மதங்கள் இருக்க எதில் கட்டுவது, லாபத்துக்காக நம்புவது நம்பிக்கையா என்றெல்லாம் கேட்பார்கள். நியாயமான கேள்விகள்தான். இந்த மலரைப் படிப்பவர்களில் பல மதத்தவரும், மதமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்களைக் கணக்குப் போட்டு மடக்க நான் வரவில்லை.

ஆனால் நைட் ஷிப்டில் அந்தப் பகுதியை முழுசாகப் படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. கணக்கோடு அது முடியவில்லை. அதை இரண்டு பேர் பேசிக்கொள்வது போல எழுதியிருக்கிறார். கணக்கு சரிதான் என்று நண்பன் ஒப்புக்கொள்கிறான். இருந்தும் என்னால் நம்ப முடியவில்லையே, நான் இப்படித்தான் அமைந்திருக்கிறேன், என்னை என்ன செய்யச் சொல்கிறாய் என்று தவிக்கிறான். நானாக இருந்தால் நாலாவது நிரூபணத்தை எடுத்திருப்பேன். பாஸ்கல் எடுக்கவில்லை. உன் நிலையில் இருந்து வெளியே வந்தவர்களைப் பார், அவர்கள் எப்படி ஆரம்பித்தார்களோ அப்படி நடந்து பார் என்று மட்டும் சொல்கிறார். முடிவில், இந்தப் பேச்சு உனக்குப் பிடித்திருந்தால் ஒன்று தெரிந்துகொள், இதைப் பேசியவன் பேசுவதற்கு முன்னும் பின்னும் உனக்காக முழங்கால் போட்டு ஜெபித்தவன் என்கிற பொருளில் முடிக்கிறார்.

சேன்-ஆஞ்சை மேலிடத்தில் காட்டிக்கொடுத்த அதே பாஸ்கல்தான் இவர். நடுவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியிருக்கிறது.

ஐந்து சோல் வண்டி

இந்த வேலையை முடிக்க எனக்குப் பத்து வருஷ ஆரோக்கியம் வேண்டும் என்பாராம். கிடைக்கவில்லை. 1659-லிருந்து உடம்பு அடியோடு விழுந்துவிட்டது. 1661 அக்டோபரில் ஜாக்குலின் இறந்தாள்.

இருந்தாலும் மூளை ஓயவில்லை. ரோவானெஸ் பிரபுவோடு சேர்ந்து, பாரிஸில் குறித்த பாதையில், குறித்த நேரத்தில், ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஓடும் குதிரை வண்டிகளை 1662 மார்ச் 18 அன்று தொடங்கினார். கட்டணம் ஐந்து சோல். நாம் ஏறி இறங்கும் டவுன் பஸ்ஸின் தாத்தா அதுதான். தன் பங்கு வருமானத்தை ப்ளுவா பகுதியில் பட்டினி கிடந்த ஏழைகளுக்கு அனுப்ப விரும்பினார்.

அந்த வருஷம் ஓர் ஏழைக் குடும்பத்தைத் தன் வீட்டில் குடிவைத்திருந்தார். அவர்கள் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. அக்கா ஜில்பெர்த் அவரைப் பார்க்க வந்துபோகிறவர். அவர் வீட்டிலும் பிள்ளைகள். ஏழைக் குடும்பத்தை வேறு இடத்துக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, நோயாளிப் பிள்ளையை அசைக்க வேண்டாம், நான் போகிறேன் என்று அந்த உடம்போடு தானே வீட்டைக் காலி செய்து ஜூன் 29 அன்று அக்கா வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை. 1662 ஆகஸ்ட் 19 அதிகாலை ஒரு மணிக்கு, முப்பத்தொன்பது வயதில், காலமானார். இதை எழுதும் எனக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான்.

நூலில் கோத்த தாள்கள் 1670-இல் சிந்தனைகள் என்ற பொருள் தரும் பேரில் புத்தகமாயின. அந்தப் பதிப்பைத் தயாரிக்க உட்கார்ந்தவர்களில் ரோவானெஸ் பிரபுவும் ஒருவர். எல்லா நண்பர்களும் அவர்போல மாறிவிடவில்லை. மெரே கடைசிவரை நாகரிகமே பெரிது என்று எழுதிக்கொண்டிருந்தார். பாஸ்கல் பட்ட பாடு அதனால் வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிட்டோனின் கேள்விகளை அவ்வளவு மரியாதையாகக் காது கொடுத்துக் கேட்டதனால்தான், நாத்திகர்கள்கூட இன்றும் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் ஹாஸ்டலிலும் ராத்திரி வாதம் நடக்கும். நடக்கட்டும். விசுவாசம் உள்ளவன் அதை நண்பனிடம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் ஜெயித்துவிட்டதாக நினைத்துத் தூங்கிவிடாதீர்கள். அவன் கேட்டது எதற்கு என்று எழுந்து போய்க் கேளுங்கள்.

என் பழைய ரூம்மேட் இந்தச் சந்திப்புக்கு வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறான் என்று மலர்க் குழு அண்ணன் சொன்னார். இத்தனை ராத்திரி அவனோடு வாதாடினேனே, அவன் அம்மா எப்படிப்பட்டவர்கள், கடைசி நாட்களில் என்ன பேசினார்கள் என்று ஒரே ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. மெஸ் பக்கத்து வேப்பமரத்தடியில் அவனைப் பிடித்து உட்கார வைத்து, அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். மன்னிப்பும் கேட்க வேண்டும்.

எல்லோரும் வாருங்கள், சந்திப்போம்.